அந்தப் பணம் யார் பெயரில் வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் ஜீனோம் (ஓர் உயிரின் மொத்த டிஎன்ஏ) ஆய்வில் பிஎச்.டி., போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பயிற்சி) செய்வது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியவை. பலர் "இதைக் கேட்பது தவறென்றால் மன்னிக்கவும்" என்று தொடங்கியிருந்தார்கள். தவறே இல்லை. இயற்பியல் படித்துவிட்டு ஜீனோம் ஆய்வுக்குள் வந்தவள் நான். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட பயிற்சித் திட்டமொன்றுக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். பணக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: என் மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கணினி அறிவியல் முடித்திருக்கிறாள். ஜீனோம் அறிவியலில் பிஎச்.டி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வந்த கடிதத்தில் "முதல் ஆண்டு துறை நிதி, இரண்டாம் மூன்றாம் ஆண்டுகள் டி32 பயிற்சி மானியம், அதன்பின் வழிகாட்டியின் ஆய்வு மானியம்" என்று போட்டிருக்கிறது. இது கடனா? பாதியில் நின்றால் திருப்பிக் கட்ட வேண்டுமா? (ஒரு தந்தை, நியூ ஜெர்சி)

பதில்: கடன் இல்லை, ஐயா. முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். இந்தத் துறையில் பிஎச்.டி. மாணவரின் படிப்புக் கட்டணத்தை வேறு யாராவதுதான் கட்டுவார்கள். மாணவருக்கு மாதா மாதம் உதவித்தொகையும் மருத்துவக் காப்பீடும் வரும். பாதியில் நின்றாலும் பிஎச்.டி. மாணவர் டி32 பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஒரு வரியில் மூன்று வெவ்வேறு பணம் இருக்கிறது. எது யாருடையது என்று உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வழிகாட்டியின் ஆய்வு மானியம், அவர் என்ஐஎச்சுக்கு (அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள்) எழுதிக்கொடுத்த ஒரு குறிப்பிட்ட வேலைக்காக வந்த பணம். இன்ன மரபணு மாற்றம் இன்ன நோயை எப்படி உண்டாக்குகிறது என்று இத்தனை ஆண்டுக்குள் கண்டு சொல்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருப்பார். அந்தப் பணத்தில் உதவித்தொகை வாங்கும் மாணவர் அந்த வாக்கைக் காப்பாற்ற உழைக்கிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஏராளமான நல்ல ஆய்வேடுகள் அப்படித்தான் வந்திருக்கின்றன.

டி32 அப்படியல்ல. அமெரிக்க நாடாளுமன்றம் 1974-ல் கொண்டுவந்த தேசிய ஆய்வுச் சேவை விருதுச் சட்டத்தின் வழி வருவது அது. 2002-லிருந்து ரூத் கிர்ஷ்ஸ்டைன் என்ற என்ஐஎச் விஞ்ஞானியின் பெயரைச் சேர்த்து அழைக்கிறார்கள். "இத்தனை பேரைப் பயிற்றுவியுங்கள்" என்று என்ஐஎச் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக இடங்களைக் கொடுக்கும். எந்த மாணவருக்கு என்பதைத் திட்டத்தின் குழு முடிவு செய்யும். ஜீனோம் துறையில் இதைக் கொடுப்பது பெரும்பாலும் தேசிய மனித ஜீனோம் ஆய்வு நிறுவனம். 1990 முதல் 2003 வரை நடந்த மனித ஜீனோம் திட்டத்தில் என்ஐஎச்சின் பங்கை நடத்தியவர்கள் அவர்கள்தான். இந்தப் பணம் உங்கள் மகளின் பயிற்சிக்காக வருகிறது. எந்தப் பேராசிரியரும் அதைக் காட்டி "என் வேலையை முடி" என்று சொல்ல முடியாது.

இது வெறும் கணக்கு வழக்கு விஷயம் போலத் தோன்றும். நேரில் பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும். எங்கள் திட்டத்தில் கணினியிலிருந்து வந்த ஒரு மாணவி, டி32 ஆண்டில் ஒரு பருவம் முழுக்க ஈஸ்ட் லேபில் நின்றாள். அவளுடைய ஆய்வேட்டுக்கும் ஈஸ்டுக்கும் சம்பந்தமில்லை. டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, துண்டாக்கி, டிஎன்ஏ எழுத்துகளை வரிசைப்படுத்திப் படிக்கும் இயந்திரத்துக்கு ஏற்றபடி லைப்ரரி (படிக்கத் தயாரான துண்டுகளின் தொகுப்பு) தயாரிக்கும் வேலையைத் தன் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அவளுடைய லேப் தலைவர் ஒப்புக்கொண்டார். அவருடைய மானியத்திலிருந்து ஒரு டாலர்கூட அதற்குப் போகவில்லை என்பது அந்தச் சம்மதத்துக்கு ஒரு முக்கியக் காரணம். இப்போது எந்தத் தரவு வந்தாலும், எங்கே கோளாறு இருக்கும் என்று அவளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

இனி எண்கள். என்ஐஎச் 2024 நிதியாண்டுக்கு அறிவித்த பிஎச்.டி. உதவித்தொகை ஆண்டுக்கு 28,224 டாலர். வீட்டு வாடகை அதிகமான ஊர்களில் இது போதாது. அதனால் பல்கலைக்கழகங்கள் தம் பணத்தைச் சேர்த்து, துறையில் மற்ற மாணவர் வாங்கும் அளவுக்கு உயர்த்தித் தருவது வழக்கம். கடிதத்தில் உள்ள மொத்தத் தொகையைப் பாருங்கள். என்ஐஎச் உதவித்தொகையில் பிஎச்.டி. காலத்தில் ஒருவர் மொத்தம் 5 ஆண்டு இருக்கலாம் என்பது விதி. ஆனால் டி32 திட்டங்கள் வழக்கமாக இரண்டு மூன்று ஆண்டுதான் தருகின்றன.

வரியைப் பற்றி உங்கள் மகளிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். டி32 உதவித்தொகைக்கு வருமான வரி உண்டு. ஆனால் அது சம்பளம் அல்ல என்பதால் பல இடங்களில் மாதா மாதம் வரி பிடிப்பதில்லை. ஏப்ரல் வந்ததும் மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும், பிள்ளைகள் திண்டாடிப் போகிறார்கள். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணையாக முன்கூட்டியே கட்டும் முறை இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு வரி இதற்குக் கிடையாது. 2020-லிருந்து இந்த உதவித்தொகையைக் காட்டி ஐஆர்ஏ ஓய்வுக்காலக் கணக்கில் பணம் போடவும் சட்டம் அனுமதிக்கிறது.

கையெழுத்துப் போடுமுன் துறையிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "நான்காம் ஆண்டில் வழிகாட்டியின் மானியம் நின்றுபோனால் எனக்கு யார் பணம் தருவார்கள்?" "துறை பார்த்துக்கொள்ளும்" என்று எழுத்தில் வந்தால் நிம்மதி. 2025-ல் என்ஐஎச் மானியங்கள் பல நடுவிலேயே நிறுத்தப்பட்டன, சில பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன, கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்றதும் நடந்தது. அதன்பிறகு இந்தக் கேள்வியை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: நான் கணிதம் படித்தவன். பிப்பெட்டைக் கையில் தொட்டதில்லை. உயிரியல் பள்ளியோடு சரி. ஜீனோம் துறையில் எனக்கு உண்மையாகவே இடம் இருக்கிறதா, அல்லது உயிரியல்காரர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஆளாகவே இருந்துவிடுவேனா? (மாணவர், இலினாய்)

பதில்: தம்பி, இந்தத் துறையைக் கட்டியெழுப்பியதில் உங்கள் ஆட்களுக்குப் பெரும்பங்கு உண்டு. எரிக் லேண்டர் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மைக்கேல் வாட்டர்மன் புள்ளியியல்காரர். இருவரும் 1988-ல் ஒரு கணக்கை எழுதினார்கள். ஜீனோமைச் சிறு துண்டுகளாகக் கண்மூடித்தனமாக உடைத்துப் படித்தால், எத்தனை மடங்கு படித்தபின் எவ்வளவு விட்டுப்போயிருக்கும்? ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக 8 தடவை படிக்கப்பட்டிருந்தால், விட்டுப்போகும் பங்கு e என்ற கணித எண்ணின் மைனஸ் எட்டாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒன்று. 300 கோடி எழுத்துள்ள மனித ஜீனோமில் அது ஏறத்தாழ 10 லட்சம் எழுத்து. எவ்வளவு படித்தால் போதும், எவ்வளவு செலவாகும் என்ற பேச்சு இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்கியது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃபில் கிரீனும் கணிதத்தில் பிஎச்.டி. வாங்கியவர். இயந்திரம் படித்த ஒவ்வோர் எழுத்துக்கும் எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பெண் போடும் ஃப்ரெட் நிரல் அவர் குழுவிலிருந்து வந்தது. 20 என்றால் நூற்றில் ஒன்று தவறாக இருக்கலாம், 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. இன்றைக்கும் எல்லா லேபிலும் அந்த அளவுகோல்தான். 2000-ல் மனித ஜீனோமின் அரசுத் தரப்பு வரைவைத் துண்டுகளிலிருந்து கோத்தெடுத்த நிரலை எழுதிய ஜிம் கென்ட், அப்போது சான்டா குரூஸில் ஒரு பிஎச்.டி. மாணவர், அதற்கு முன் அனிமேஷன் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர். இன்று உலகெங்கும் ஓடும் வரிசைப்படுத்தும் முறையை டேவிட் கிளெனர்மனோடு சேர்ந்து உருவாக்கிய சங்கர் பாலசுப்பிரமணியன், சென்னையில் பிறந்த வேதியியலாளர்.

ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியில் உள்ள பயம் நியாயமானது. கணக்கு மட்டும் தெரிந்தால் கணக்குப்பிள்ளையாகவே நின்றுவிடுவீர்கள். எப்படி என்று ஓர் உண்மைச் சம்பவத்தோடு சொல்கிறேன்.

2014-ல் ஒரு கட்டுரை வந்தது. மனிதனுடைய உறுப்புகளிலும் எலியின் உறுப்புகளிலும் மரபணுக்கள் எந்த அளவில் இயங்குகின்றன என்று அளந்து ஒப்பிட்டார்கள். மனித இதயம் எலி இதயத்தோடு சேரும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? அப்படிச் சேரவில்லை. மனித இதயம் மனித ஈரலோடும், எலி இதயம் எலி ஈரலோடும் குழுச் சேர்ந்தன. பெரிய செய்தியாயிற்று. அடுத்த ஆண்டு சிகாகோவில் யோவ் கிலாடும் அவருடைய சகாவும் அந்தத் தரவை எடுத்துத் திரும்பப் பார்த்தார்கள். எங்கே பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வரிசைப்படுத்தும் இயந்திரம் தரும் கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரி இருக்கும். முதல் வரி 'அட்' குறியோடு தொடங்கும் ஒரு நீண்ட அடையாளம். எந்த இயந்திரம், எத்தனையாவது ஓட்டம், எந்தக் கண்ணாடித் தட்டு, தட்டில் எந்தத் தடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லோரும் தாவிக் கடந்து போகும் வரி அது. அதைப் படித்தபோது, மனித மாதிரிகள் பெரும்பாலும் ஒரு பக்கமும் எலி மாதிரிகள் பெரும்பாலும் வேறு பக்கமுமாக, தனித்தனித் தொகுப்புகளில் ஓடியிருந்தது தெரிந்தது. அந்தத் தொகுப்பு வேறுபாட்டைக் கணக்கில் கழித்ததும் இதயம் இதயத்தோடு சேர்ந்துகொண்டது.

இதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்ட புள்ளியியல் உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். ஆனால் மாதிரிகளை எந்த வரிசையில் ஏற்றினார்கள் என்று கேட்க வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு வர, அவர் ஒருநாளாவது அந்தத் தட்டில் மாதிரி ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். பலதுறைப் பயிற்சி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இரண்டு துறையில் பட்டம் வாங்கச் சொல்லவில்லை. அடுத்த துறைக்காரர் எதற்குக் கவலைப்படுகிறார் என்பது உங்களுக்கும் கவலையாக மாற வேண்டும், அவ்வளவுதான்.

முதலாண்டில் மூன்று லேபுகளில் சில வாரங்கள் இருந்து பார்க்கும் ரொட்டேஷன் உண்டு. அதில் ஒன்றையாவது கையில் உறை மாட்டி வேலை செய்யும் லேபில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லாம் தப்பும், பரவாயில்லை. மாதிரி ஏன் கெட்டது என்று தேடும் அந்த மாலைகளில் கற்றுக்கொள்வது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

கேள்வி: எஃப்-1 விசாவில் இருக்கிறேன். எந்தப் பயிற்சித் திட்டத்தைத் திறந்தாலும் "குடிமக்கள், நிரந்தர வதிவிட உரிமையாளர் மட்டும்" என்று போட்டிருக்கிறது. எனக்குக் கதவே இல்லையா? (வாசகி, டெக்சாஸ்)

பதில்: இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போதெல்லாம் மனம் கனக்கிறது. விதி அப்படித்தான். டி32 மட்டுமல்ல, என்ஐஎச்சின் தனிநபர் உதவித்தொகைகளான எஃப்31, எஃப்32, தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மூன்றாண்டு பிஎச்.டி. உதவித்தொகை, எல்லாமே குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான். திறமைக்கும் அந்த விதிக்கும் சம்பந்தமில்லை. தேர்வுக் குழுவில் உட்கார்ந்து, நல்ல விண்ணப்பத்தை அந்தப் பணத்துக்குப் பரிசீலிக்க முடியாமல் ஒதுக்கி வைப்பது எங்களுக்கும் வேதனைதான்.

ஆனால் பயிற்சி வேறு, அந்தப் பயிற்சி மானியம் வேறு. விசா மாணவர்களுக்குத் துறையின் சொந்த நிதி, கற்பித்தல் உதவியாளர் பணி, வழிகாட்டியின் ஆய்வு மானியம் ஆகியவற்றிலிருந்து பணம் வருகிறது. என்ஐஎச் ஆய்வு மானியத்தில் மாணவருக்குச் சம்பளம் தரக் குடியுரிமை தடையில்லை. டி32 மாணவர்கள் போகும் வகுப்பு, வாராந்தரக் கட்டுரை விவாதம், ஆண்டுக் கூட்டம், ஆய்வு நெறி வகுப்பு எல்லாவற்றிலும் நீங்களும் உட்காரலாம். பல திட்டங்கள் பணம் இல்லாத இணை மாணவர் என்று பெயர் கொடுத்தே சேர்த்துக்கொள்கின்றன. சேர்ந்ததும் திட்டத்தின் இயக்குநருக்கு எழுதிக் கேளுங்கள். கேட்டவர்களை உள்ளே விடாத இயக்குநரை நான் பார்த்ததில்லை.

இதனால் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி மானியம் உங்களுக்குப் பணம் தர முடியாததால், வெளிநாட்டு மாணவருக்கான இடம் பல துறைகளில் குறைவு. எனவே விண்ணப்பிக்குமுன் துறையின் மாணவர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டில் இளநிலைப் படிப்பு முடித்தவர்கள் ஆண்டுதோறும் நாலைந்து பேராவது தெரிந்தால் அங்கே பணம் இருக்கிறது என்று பொருள். ஒருவரும் இல்லையென்றால் விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள். உதவித்தொகை எந்தப் பணத்திலிருந்து வரும் என்று கேட்க வேண்டிய அவசியம் மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம். வழிகாட்டியின் மானியமே உங்களுக்கு எல்லாமும் என்றால், அந்த மானியம் எந்த ஆண்டு முடிகிறது என்பதும் உங்கள் வாழ்க்கைக் கணக்கில் வந்துவிடுகிறது. என்ஐஎச்சின் ரிப்போர்ட்டர் தளத்தில் அவர் பெயரைப் போட்டால் மானியம் முடியும் தேதி தெரியும். அது பொதுத் தகவல், பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

பிஎச்.டி. முடிந்தபின் நிலைமை கொஞ்சம் இளகும். ஹெலன் ஹே விட்னி, ஜேன் காஃபின் சைல்ட்ஸ், டேமன் ரன்யன், உயிரறிவியல் ஆய்வு அறக்கட்டளை ஆகிய தனியார் அமைப்புகள் அமெரிக்காவில் போஸ்ட்டாக் செய்யும் வெளிநாட்டவரையும் எடுத்துக்கொள்கின்றன. போஸ்ட்டாக்கிலிருந்து பேராசிரியர் பணிக்குக் கூட்டிப்போகும் கே99 விருதை விசாவில் இருப்பவர்களுக்கும் என்ஐஎச் நெடுங்காலமாகத் தந்துவந்திருக்கிறது. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை மட்டும் வரிவரியாகப் படித்துவிடுங்கள். இயற்பியல், கணிதம், பொறியியலிலிருந்து உயிரியலுக்கு வருபவர்களுக்கென்றே ஹெச்எஃப்எஸ்பி என்ற சர்வதேச அமைப்பு தனி போஸ்ட்டாக் உதவித்தொகை வைத்திருக்கிறது. பிஎச்.டி. வாங்கிய நாட்டில் அதைச் செய்ய முடியாது. நீங்கள் அமெரிக்காவில் முடித்தால் ஐரோப்பாவுக்கோ வேறெங்கோ போக வேண்டும்.

கேள்வி: இயற்பியலில் பிஎச்.டி. முடித்துவிட்டு ஜீனோம் லேப் ஒன்றில் போஸ்ட்டாக் ஆகச் சேர்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. லேப் தலைவர் "டி32 இடத்துக்கு உன் பெயரைக் கொடுக்கட்டுமா, என் மானியத்திலேயே சம்பளம் தரட்டுமா?" என்கிறார். டி32 எடுத்தால் திருப்பிச் செலுத்தும் கடப்பாடு உண்டு என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். கையில் ஒரு வயதுக் குழந்தை. (வாசகி, பாஸ்டன்)

பதில்: கடப்பாடு உண்டு, ஆனால் நண்பர்கள் சொல்லும் அளவுக்குப் பயங்கரம் அல்ல. போஸ்ட்டாக்குகளுக்கு மட்டும், முதல் 12 மாதங்களுக்கு மட்டும் அது பொருந்தும். வாங்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் உடல்நலம் சார்ந்த ஆய்விலோ கற்பித்தலிலோ இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டும் அதே டி32-ல் தொடர்ந்தால் அந்த இரண்டாம் ஆண்டே முதலாண்டுக் கடனைத் தீர்த்துவிடும். தனியார் நிறுவனத்தில் இத்தகைய ஆய்வு வேலைக்குப் போனாலும் கணக்கில் சேரும். ஓராண்டில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சம்பந்தமில்லாத துறைக்குப் போனால்தான் பணமாகவும் வட்டியாகவும் கட்ட வேண்டிவரும். சேரும்போது இதற்கென்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை, பிஎச்.டி.க்குப் பின் எத்தனை ஆண்டு அனுபவம் என்பதைப் பொறுத்தது. 2024-ல் புதிதாக வருபவருக்கு ஆண்டுக்கு 61,008 டாலர். குறைந்தது 70,000 ஆக்க வேண்டும் என்று என்ஐஎச் அமைத்த குழுவே 2023 டிசம்பரில் பரிந்துரைத்தது. நான் அந்தப் பரிந்துரையின் பக்கம். பாஸ்டனில் குழந்தையோடு 61,000-ல் வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே அறிவீர்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. டி32-ல் இருப்பவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்ல. ஊழியருக்குப் பல்கலைக்கழகம் போடும் ஓய்வூதியப் பங்கு பல இடங்களில் நின்றுவிடும், மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் மாறலாம். குழந்தை இருக்கும்போது காப்பீடு மாறும் தேதியில் ஒருநாள்கூட இடைவெளி விழக் கூடாது. மனிதவள அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எதிர்ப்பக்கத்தில், பெற்றோர் விடுப்பாக ஆண்டுக்கு 60 நாள் வரை உதவித்தொகை நிற்காமல் எடுக்கலாம். குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கென்று உரிமம் பெற்ற காப்பகத்துக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கையும் என்ஐஎச் தருகிறது.

எதை எடுப்பது? இயற்பியலிலிருந்து வருகிறீர்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது உயிரியல் கற்க நேரம். லேப் தலைவரின் மானியத்தில் சேர்ந்தால் முதல் மாதத்திலேயே முடிவு எங்கே என்று கேட்பார்கள். கேட்பது அவர் கடமை. டி32-ல் உங்களுக்கு இரண்டாவது வழிகாட்டி உண்டு, பயிற்சித் திட்டம் எழுதி ஒரு குழுவிடம் காட்ட வேண்டும், அந்தக் குழு உங்கள் முன்னேற்றத்தைக் கேட்கும். லேப் தலைவரோடு மனத்தாங்கல் வந்தால் பேச வேறோர் ஆள் இருப்பது சாதாரண விஷயமல்ல. காப்பீடு சரியாக அமைந்தால் டி32-ஐ எடுங்கள், இரண்டு ஆண்டு முழுதும் இருங்கள். கே99-க்கு விண்ணப்பிக்க போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதையும் முதல் நாளிலிருந்தே மனத்தில் வையுங்கள்.

கேள்வி: முதுநிலைப் படிப்புக்கு இந்த உதவித்தொகை கிடைக்குமா? (மாணவர், ஒஹாயோ)

பதில்: பிஎச்.டி.யில் சேராமல் முதுநிலை மட்டும் படிக்க டி32 பணம் கிடைக்காது. முதுநிலைக்குப் பெரும்பாலும் நாமே கட்ட வேண்டும். பட்டம் முடித்ததும் லேபில் ஓரிரு ஆண்டு சம்பளத்தோடு ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டு நேராகப் பிஎச்.டி.க்கு வருவது செலவில்லாத வழி. எங்கள் குழுவில் அதை முதுநிலைக்குச் சமமாகவே பார்க்கிறோம்.

கேள்வி: நான் சட்டம் படித்தவள். ஜீனோம் பயிற்சியில் அறிவியல் படிக்காதவர்களுக்கு வேலை உண்டா? (வாசகி, மேரிலாந்து)

பதில்: உண்டு. மனித ஜீனோம் ஆய்வு நிறுவனம் தன் ஆய்வு நிதியில் குறைந்தது 5 விழுக்காட்டை அறம், சட்டம், சமூகம் சார்ந்த கேள்விகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது 1993 சட்டம். எல்சி என்று அந்தத் துறையைச் சொல்வார்கள். அதற்கென்று தனிப் பயிற்சி மானியங்களும் இருக்கின்றன.

வேலைக்கா பஞ்சம்? அரிசோனாவில் ஹவாசுப்பாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வு என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அது அவர்கள் சம்மதிக்காத வேறு ஆய்வுகளுக்கும் போனது. வழக்கு 2010-ல் சமரசத்தில் முடிந்து, மிச்ச மாதிரிகள் அவர்களிடமே திரும்பின. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து எடுத்த செல்கள் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படுகின்றன; 2013-ல் அந்தச் செல்களிலிருந்து எடுத்த ஜீனோமை அவருடைய குடும்பத்திடம் கேட்காமலே வெளியிட்டார்கள். பிறகு என்ஐஎச் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, அந்தத் தரவை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் குழுவில் அவர்களுக்கும் இடம் கொடுத்தது. மரபணுத் தகவலை வைத்து வேலையிலோ மருத்துவக் காப்பீட்டிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 2008 சட்டம். ஆயுள் காப்பீட்டை அது தொடவில்லை. இந்த இடைவெளியில் எத்தனை குடும்பங்கள் பரிசோதனை செய்துகொள்ளவே அஞ்சுகின்றன என்று மருத்துவமனையில் உட்கார்ந்து கேட்டால் தெரியும். சட்டம் படித்தவர்கள் எங்கள் வகுப்பில் உட்கார வேண்டும் என்று நான் விரும்புவது அதனால்தான். நீங்கள் வந்தால் உயிரியல் மாணவர்களும் உங்களிடமிருந்து படிப்பார்கள்.

கேள்வி: விண்ணப்பத்தில் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்? (பலர்)

பதில்: மதிப்பெண்ணைப் பார்க்கிறோம், ஆனால் அதில் அதிக நேரம் நிற்பதில்லை. ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வைப் பல ஜீனோம் துறைகள் கேட்பதையே விட்டுவிட்டன. நான் தேடுவது, செய்து பார்த்த ஒரு வேலை எங்கே இடறியது, அதைக் கண்டுபிடிக்க என்ன செய்தீர்கள் என்று விவரமாக எழுதிய ஒரு பத்தி. "சிறுவயதிலிருந்தே உயிரியலில் ஆர்வம்" என்ற வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுங்கள். உங்களுக்கு எது தெரியாது, அதை அந்தத் துறையில் எந்த இரண்டு பேராசிரியர்களிடம் கற்க நினைக்கிறீர்கள் என்றும் பெயர் சொல்லி எழுதுங்கள். ஒருவர் கணக்குப் பக்கம், ஒருவர் பெஞ்சு (ஆய்வக வேலை) பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறார்களா என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலான துறைகளின் கெடு டிசம்பர் தொடக்கத்தில் வருகிறது. பரிந்துரைக் கடிதம் எழுதுபவரிடம் அக்டோபரிலேயே சொல்லுங்கள், உங்கள் வரைவையும் கையோடு கொடுங்கள்.